ஜெனரல் காட்டன் துரையின் நீண்ட ஆயுள்
(மாஞ்சோலையில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இம்மலைத் தேயிலைத் தோட்டம் 1929-ம் வருஷத்தில், சிங்கம்பட்டி ஜமீன் காட்டில், 99 வருஷக் குத்தகையின்மேல் எழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்தவர்களுக்கு 2024-ம் வருஷத்தில் வேலை நின்றது. இங்கே கூடியிருப்போரில் அவர்களும் உண்டு. பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர்களும் உண்டு. சென்ற முறை நான் கணக்குப் பார்க்க வந்தபோது ஒரு பெரியவர், "ஐயா, உத்தியோகம் முடிந்தது, ஆயுள் முடியவில்லையே, என் செய்வது?" என்று கேட்டார். அன்று சேமிப்புக் கணக்கைப் பற்றி ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். அது விடையாகாது என்று எனக்கே தெரியும். ஆகையால் இன்று, அக்குத்தகையின் நீளத்திற்கு மூன்று வருஷமே குறைவாக வாழ்ந்த ஒரு போர்வீரரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அவர் சர் ஆர்தர் காட்டன். 1803-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில், பதினொரு ஆண்மக்கள் பிறந்த குடும்பத்தில் தோன்றியவர். 15 வயதில் கம்பெனியாரின் இராணுவப் பள்ளியில் சேர்ந்து, சென்னை இஞ்சினீயர் படையில் உத்தியோகம் பெற்று, 1821-ல் சென்னையில் வந்து இறங்கினார். தென் ஜில்லாக்களின் ஏரி மராமத்து இலாகாவில் வேலை. பாம்பன் கால்வாயை அளந்ததும் அக்காலத்தில்தான். 1824-ல் பர்மா யுத்தம் மூண்டது. அங்கே எதிரிகளின் மரக்கோட்டைகளைத் தாக்கிய படைகளின் முன்னணியில் நின்றார். சண்டையைப் பற்றி இவ்வளவு போதும்; அவர் பெயர் நின்றது அதனாலன்று.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளமான வழி. ஆகையால் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் அதில் அதிகமாக இறங்கி, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. காட்டன் கல்லணையைச் சென்று பார்த்தார். ஆழங்காண முடியாத மணலில் நம் முன்னோர் எவ்வாறு அஸ்திவாரம் போட்டார்கள் என்பதே அவருக்கு ஆச்சரியம். கல்லை மணலில் இட்டு, அது அமிழ அமிழ மேலும் கல்லையிட்டு, இனி அமிழாது என்னும் நிலை வந்தபின் கட்டியிருந்தார்கள். இந்த வித்தையை இத்தேசத்துப் பழைய ஜனங்களிடமிருந்தே கற்றோம் என்று அவர் பின்னாளில் கூசாமல் எழுதினார். நம்மில் பலர் பாட்டன் வெட்டிய வாய்க்காலை மதிப்பதில்லை. சீமையிலிருந்து வந்த துரை மதித்தார். 1836-ல் முக்கொம்பில் மேலணையும் கொள்ளிடத்தில் கீழணையும் முடிந்தன. எல்லாம் முதலிலேயே சரியாய் அமைந்ததென்று நினைக்க வேண்டாம். மேலணைக்குப் பின் காவிரிப் பக்கம் நீர் மிஞ்சி, அங்கும் ஒரு தடுப்பு கட்ட நேர்ந்தது. அம்மேலணையில் ஒன்பது மதகுகள் 2018-ம் வருஷம் ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. அதற்குள் 182 வருஷம் கடந்திருந்தது.

தேகம் மெலிந்து பல முறை ரஜா எடுத்தவர் அவர். 1841-ல், தம் 38-வது வயதில், எலிஸபெத் லேர்மந்த் என்னும் மாதை மணந்தார். பிறகு கோதாவரி. 1833-ம் வருஷத்துப் பஞ்சத்தில் அப்பிரதேசத்து ஜனங்கள் திரள் திரளாய் மாண்டிருந்தார்கள். நதியோ பக்கத்திலேயே நிறைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! 1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை துவங்கிற்று. கிணறுகள் இறக்கி, அவற்றின்மேல் சுவரெழுப்பி, பின்புறம் கற்களைச் சரிவாகக் கொட்டினார்கள். கல்லணைப் பாடம் இங்கே பலித்தது. வீணம் வீரண்ணா என்னும் நம் நாட்டவர் அதில் அவருக்கு வலக்கரமாய் இருந்தார். 1852-ல் அணை முடிந்தது. இன்றும் கோதாவரிக் கிராமங்களில் காட்டனுக்குச் சிலை வைத்து மாலையிடுகிறார்கள்.

அவருக்குப் பிடிவாதமும் உண்டு. இரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களில் இட்டால் பாசனமும் படகுப் போக்குவரத்தும் பெருகும் என்று ஓயாமல் வாதாடினார். அவர் தூண்டுதலால் எழுந்த கர்நூல்–கடப்பைக் கால்வாயில் போட்ட பணம் ஈடேறவில்லை. நாம் சங்கக் கணக்கு எழுதுகிறவர்கள். அதையும் வரவு செலவில் காட்டத்தான் வேண்டும். 1876-ம் வருஷம் தொடங்கிய பெரும் பஞ்சத்திற்குப் பின், 1878-ல் பார்லிமெண்டுக் கமிட்டியார் முன் சாட்சி சொன்னார். அப்போது வயது 75. கமிட்டியார் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை.

உத்தியோகம் போயிற்று, வாதமும் தோற்றது. பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி அவர் முன்னும் நின்றது. மனைவி மக்களோடு டார்க்கிங் என்னும் ஊரில் குடியிருந்தவர், மண்வெட்டியின் பக்கம் திரும்பினார். நிலத்தை ஆழமாய்க் கொத்தினால் கோதுமை எவ்வளவு கூடுதலாய் விளையும் என்று தம் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகச் சோதித்து, விளைச்சலைக் கணக்கிட்டார். முன்னமே 1876-ல் அராபி பாஷை கற்போருக்கு 180 சிறு வாக்கியங்களாலான பாலபாடம் ஒன்றும் வெளியிட்டிருந்தார். இஞ்சினீயருக்கும் அராபிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் விளங்கவில்லை, ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது அளவெடுத்த கை தெரிகிறது.

1899-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி, 96 வயது நிறைந்து, அவ்வூரிலேயே காலமானார். அவர் ஜீவிய சரித்திரத்தை 1900-ல் அச்சிட்டவர் மகளாகிய ஹோப் சீமாட்டி. போர்க்களத்து மெடலைவிடத் தகப்பனின் அணைகளும் பாத்திகளுமே மகளுக்குப் பெரியனவாய்த் தோன்றின போலும்.

இம்மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாய் இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. அந்நதியில் பழைய அரசர் காலத்து அணைகள் ஏழும் சர்க்கார் கட்டிய ஸ்ரீவைகுண்டத்து அணை ஒன்றும் உள்ளன. கீழே வாய்க்கால்களில் மண் தூர்ந்து கிடக்கிறது. மேலே, ஆட்சேபமில்லாத இடங்களில், கொல்லைப்புறமேனும் கொத்தத் தகுந்த மண் இருக்கிறது. அன்று கேள்வி கேட்ட பெரியவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவருடைய பாத்திக்கு வேண்டிய விதைக்கடன் மனுவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் அடுத்த விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம்.