வெண்ணெய் திரளும் வேளையில்



வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. தாழி உடைந்தவுடன் உடைத்தவர் யார் என்னும் வழக்கு எழுகிறது. கடைசியாகக் கை வைத்தவர் தலையில் பழி விழுகிறது. விளையாட்டரங்கிலும் இதுவே நடைமுறை. அத்தீர்ப்பு நேர்மையானதுதானா என்பதை, அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

டபிள்யூ.என்.பி.ஏ. என்பது அந்நாட்டுப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி. அதன் 2024-ஆம் ஆண்டு இறுதித் தொடர் அக்டோபர் 10-ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் தொடங்கிற்று. அவ்வாண்டில் ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்பவருக்கே கோப்பை என்றிருந்தது. நியூயார்க் லிபர்ட்டி அணியும் மின்னசோட்டா லிங்க்ஸ் அணியும் மோதின. லிபர்ட்டி அணி 1997-ஆம் ஆண்டு முதல் ஆடிவருவது. எனினும் அதுவரை ஒரு முறையேனும் கோப்பையைக் கண்டதில்லை.

முதல் ஆட்டத்தின் முற்பாதியில் லிபர்ட்டி 18 புள்ளிகள் வரை முந்தியது. ஆட்டம் முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே இருந்தபோதும் 15 புள்ளிகள் முன்னிலையில் நின்றது. அந்த முன்னிலை சிறிது சிறிதாகக் கரைந்து, இறுதி நொடிகளில் 83-க்கு 80 என்று ஆயிற்று. அப்போது மின்னசோட்டாவின் கோர்ட்னி வில்லியம்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்தார். தடுக்க விரைந்த லிபர்ட்டியின் சப்ரினா அயோனெஸ்கு அவர்மீது மோதினார். பந்தோ கூடையில் விழுந்தது! மோதிய குற்றத்துக்கு ஈடாக, எவரும் தடுக்கலாகாத எறிவு ஒன்றும் கிடைத்தது. பிரீ த்ரோ என்று ஆட்டக்காரர் வழங்கும் அவ்வெறிவும் தப்பவில்லை. மணிப்பொறியில் 5.5 நொடி இருக்கையில் மின்னசோட்டா 84-க்கு 83 என்று முந்திவிட்டது.

இப்பிழையைப் பற்றி மூன்று தரப்பினர் வழக்காடலாம். முதல் தரப்பினர் கூறுவது எளிய கணக்கு. மூன்று புள்ளி முன்னே நிற்கும் அணிக்கு, எதிரி இரண்டு புள்ளி எடுத்தாலும் கேடில்லை. மூன்று எடுத்தால் சமநிலை. அப்போதும் தோல்வி இல்லை. நான்கு எடுத்தால் மட்டுமே பின்தங்க நேரும். அந்த நான்குக்கு வழிவிடும் ஒரே செயல் எறிபவர்மீது மோதுவதுதான். ஆகவே கையை உயர்த்தி நிற்பது போதும். உடல் படவே கூடாது என்பர்.

இரண்டாம் தரப்பினர், எறிய விடுவதே பிழை என்பர். எறிய முற்படுவதற்கு முன்னரே வேண்டுமென்று குற்றம் இழைத்துவிட்டால், எதிரிக்குக் கிடைப்பவை இரண்டு எறிவுகள். இரண்டும் விழுந்தாலும் ஒரு புள்ளி முன்னிலை மிஞ்சும். ஆனால் இதிலும் இடர் உண்டு. குற்றம் இழைக்கும் கணத்தில் அவர் எறியத் தொடங்கிவிட்டார் என்று நடுவர் கருதினால் மூன்று எறிவுகள் கிடைக்கும். இரண்டாம் எறிவை வேண்டுமென்றே தவறவிட்டு, துள்ளும் பந்தைக் கைப்பற்றி மீண்டும் எறிவதும் பழகிய தந்திரமே.

மூன்றாம் தரப்பினர் ஆட்டக்காரருக்காகப் பரிந்து பேசுவர். எட்டி நின்றால், ஏன் தடுக்கவில்லை என்று ஏசுவோம். நெருங்கினால், ஏன் மோதினாய் என்று ஏசுவோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு சாண் இடைவெளி. முடிவு செய்யக் கிடைப்பதோ ஒரு நொடியிலும் குறைந்த பொழுது.

நம் கருத்து யாதெனில், அம்மோதல் பிழையே. அதை மறைக்க வேண்டுவதில்லை. முதல் தரப்பினரின் கணக்கு மறுக்க இயலாதது. ஆயினும் ஒரு செயல் பிழை என்பது வேறு; அதுவே தோல்விக்குக் காரணம் என்பது வேறு. அதன் பின்னரும் 0.8 நொடி இருக்கையில் லிபர்ட்டியின் பிரியானா ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு எறிவுகள் வாய்த்தன. ஒன்று விழுந்தது, வெற்றி தந்திருக்கக்கூடிய மற்றொன்று தவறியது. 84-84 என்ற சமநிலையில் ஆட்டம் ஐந்து நிமிடம் நீண்டது. அதில் நஃபீசா காலியரின் எறிவால் மின்னசோட்டா 95-க்கு 93 என்று வென்றது. அக்கடைசி நொடிகளிலும் கூடையருகே சென்று எறிந்த ஸ்டூவர்ட்டின் முயற்சி பலிக்கவில்லை. கரைந்துபோன 15 புள்ளிகளை எவர் கணக்கில் எழுதுவது? அவை பலர் கையால், பல நிமிடங்களில் போனவை. முன்னர் இழந்த புள்ளியும் இறுதியில் இழந்த புள்ளியும் மதிப்பில் ஒன்றே. பின்னதை மட்டும் நம் நினைவு பற்றிக்கொள்கிறது.

தொடரின் எஞ்சிய பகுதி இதற்குச் சான்று. மூன்றாம் ஆட்டம் 77-77 என்றிருந்தபோது, ஒரு நொடியே மிஞ்சும் வேளையில் தொலைவிலிருந்து எறிந்து வெற்றி தந்தவர் அதே அயோனெஸ்கு. அக்டோபர் 20-ஆம் நாள் நடந்த ஐந்தாம் ஆட்டத்திலோ அவர் 19 முறை எறிந்து ஒருமுறையே கூடையில் இட்டார்; இருந்தும் அவர் அணி வென்றது. அந்த ஆட்டத்தில் மின்னசோட்டா 60-க்கு 58 என்று முன்னிற்க, 5.2 நொடி இருக்கையில் அலானா ஸ்மித் ஸ்டூவர்ட்மீது குற்றம் இழைத்தார் என்று நடுவர் ஊதினார். பயிற்சியாளர் ஷெரில் ரீவ் அம்மையார் மறுபரிசீலனை கோரியும் தீர்ப்பு மாறவில்லை. முதல் ஆட்டத்தில் தவறவிட்ட ஸ்டூவர்ட் இம்முறை இரண்டு எறிவையும் இட்டார். நீண்ட ஆட்டத்தில் 67-க்கு 62 என்று வென்ற லிபர்ட்டி, தன் முதற்கோப்பையைப் பெற்றது. அது மோதலா அன்றா என்னும் வழக்கோ கோப்பையுடன் முடிந்துவிடவில்லை.

ஆகவே, அன்பர்களே, கடைசி நொடிப் பிழையைப் பற்றி நாம் வாதாடும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வோம். அக்கணத்தில் அவருக்கு என்னென்ன வழிகள் இருந்தன? முடிவை நாம் அறியாதிருந்தால் அதே குறையைக் கூறுவோமா? அதற்கு முந்திய நிமிடங்களில் தாழியில் விரிசல் விழுந்திருக்கவில்லையா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரும் பிழை பிழையாகவே நிற்கலாம். ஆனால் முழுப் பழியும் ஒருவர் தோளில் மட்டும் ஏறாது.