வாழ்த்து அட்டையும் ஒரு கட்டு வைக்கோலும்

(நமது சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னதும், "பராமரிப்புக் கட்டணம் பற்றியா?" என்று கேட்டேன். பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? "இல்லை சார், பேத்தியோடு உட்கார்ந்து பொங்கல் வாழ்த்து அட்டை செய்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆகவே இன்று கணக்கு வழக்கு கிடையாது. கத்தரிக்கோலும் பசையும்தான்.

உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பானை, கரும்பு, காளை, முருகன், எம்.ஜி.ஆர்., சிவாஜி, பின்னால் ரஜினி, கமல். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, புக் போஸ்டில் குறைந்த தபால்தலை ஒட்டி அனுப்புவோம். இப்போது கைப்பேசியில் ஒரே காலையில் நூறு வாழ்த்து வருகிறது. சாயங்காலத்துக்குள் இடத்தை அடைக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம். நானும் அழிக்கிறேன், குறை சொல்லவில்லை.

லண்டனில் ஹென்றி கோல் என்பவர் 1843-இல் கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்தார். ஒவ்வொருவருக்கும் தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை என்பதுதான் காரணம். அவசரத்துக்குப் பிறந்த அந்த அட்டையைத்தான் நான் இப்போது மூன்று நாள் உட்கார்ந்து செய்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

திருவையாறு பக்கம் எங்கள் ஊர். அப்பா காலமான பின் நிலத்தை அண்ணனும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். 2010-இல் என் பங்கு ஆறு மாவையும் வெளியாளுக்கு விற்றேன். நாம் குடியிருக்கும் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியது அந்தப் பணத்தில்தான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தடுப்பார் என்று தெரியும். பத்திரம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு பேச்சு நின்றது. கல்யாணம், காது குத்து என்று எங்கே பார்த்துக்கொண்டாலும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

போன் செய்யலாமே என்பீர்கள். பத்துத் தடவை எண்ணை எடுத்திருக்கிறேன். எடுத்தால் முதலில் என்ன சொல்வது?

2023 பொங்கலுக்கு முன் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வைக்கோலை ஒட்டிப் படம் செய்யச் சொல்லியிருந்தார்கள். மாடு வைத்திருப்பவரிடம் ஒரு பிடி வைக்கோல் வாங்கி வந்து உட்கார்ந்தோம். அவள் ஒரு குடிசை செய்தாள். நான் எங்கள் ஊர்க் களத்தையும் வைக்கோல் போரையும் ஒட்டினேன். அது ஒன்றும் அழகாக வரவில்லை. உள்ளே "அண்ணனுக்கும் அண்ணிக்கும் பொங்கல் வாழ்த்துகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பு என்றெல்லாம் எழுதவில்லை. மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

வங்கியில் எங்களுக்குக் கையெழுத்து சரிபார்ப்பதுதான் தினசரி வேலை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் மர இழுப்பறையில் இருக்கும். சில பென்ஷன்காரர்களுக்குக் கை நடுங்கிக் கையெழுத்து மாறிப் போயிருக்கும். ஆனாலும் அந்த வளைவை வைத்து, இது அவர் கைதான் என்று சொல்லிவிடுவோம். அட்டையைப் பிரித்ததும் அண்ணனுக்கும் அப்படித் தெரிந்திருக்கும். அச்சிட்ட அட்டை என்றால் கடையில் வாங்கியது என்று தூக்கி வைத்திருக்கலாம்.

பொங்கல் போயிற்று. தை முழுக்கப் பதில் இல்லை. மாசியில் ஒரு நாள் அண்ணன் மகன் ஸ்கூட்டரில் வந்து ஒரு கட்டை இறக்கினான். கையறுப்பு வைக்கோல், நீளமாக, பொன்னாக. "சித்தப்பா, இதை அப்பா கொடுத்துவிடச் சொன்னார். 'மிஷின் வைக்கோலை வைத்து ஒட்டியிருக்கான், அது நிக்காது. அடுத்த வருஷத்துக்கு இதை வெச்சுக்கச் சொல்லு'ன்னார்" என்றான்.

பதின்மூன்று வருடத்துக்குப் பின் அண்ணன் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். சொன்னதும் முழுக்க உண்மை. அறுவடை மிஷினுக்குள் போய் வரும் வைக்கோல் நசுங்கி நார் நாராகிவிடும். அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டிக் களத்தில் அடித்த வைக்கோலில்தான் தாள் முழுசாக இருக்கும். அவர் வீட்டுச் சோற்றுக்காகக் கொஞ்சம் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறார். உயரமான பயிர், நீளமான தாள்.

இனி செய்முறை. பேத்தியிடம் கற்றதையும், கெடுத்துக் கெடுத்து நானே கற்றதையும் சொல்கிறேன்.

அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். காகிதம் வேண்டும். நம் ஜெராக்ஸ் தாள் 70, 80தான், பசை ஈரத்தில் சுருண்டுவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கமும் போதும். காகிதத்துக்கும் இழை உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும் பக்கமாக மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்துங்கள்.

வைக்கோலில் கணுவுக்குக் கணு வெட்டி, மேல் சோகையை உரித்துவிட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்து, உள்பக்கத்தைச் சுரண்டிவிட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பட்டு நாடா மாதிரி தட்டையாகும். சூடு கூடக்கூடப் பழுப்பேறும். மரத்துக்கும் நிழலுக்கும் அந்தப் பழுப்பே போதும், சாயம் வேண்டாம். மெல்லிய தாளில் ஃபெவிகால் தடவி நாடாக்களை நெருக்கமாக ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் பானை, கரும்பு, கோபுரம் என்று வேண்டிய வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டலாம். மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். பிளேடும் இஸ்திரிப் பெட்டியும் பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை காகிதக் கூழில் செய்வது, அடியில் களிமண் கனம். அதனால்தான் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது. 2008-09-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டில் ஒரு ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, களிமண் நிரப்பி, மேலே காகிதக் கூம்பு ஒட்டி முகம் வரைந்தால் குட்டித் தலையாட்டி தயார். கூம்பு லேசாக இருக்க வேண்டும், கனமானால் சாய்ந்தபடியே கிடக்கும். ஏரி குளங்களில் வளரும் நெட்டியைச் சீவிப் பெரிய கோயில் செய்கிறார்களே, அதற்கும் 2020-இல் குறியீடு கிடைத்தது. மாட்டுப் பொங்கலுக்கு வாங்கும் நெட்டி மாலையில் இரண்டு துண்டு மிஞ்சினால் எறியாதீர்கள், அட்டையில் பூவாக ஒட்டலாம்.

கடைசியாக ஒன்று. கட்டு வந்த அந்தச் சித்திரையில் நான் ஊருக்குப் போனேன். அண்ணன் "வா" என்றார். அண்ணி காபி கொடுத்தார். நிலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் மேல் அவருக்கு இருந்த வருத்தம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் விற்றது விற்றதுதான். கூடத்தில் பத்தாயத்தின் மேல் அட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் சொன்னபடியே ஒரு மூலையில் வைக்கோல் பெயர்ந்திருந்தது. இந்த வருடமும் எனக்கு ஒரு கட்டு வந்தது. பாதி இன்னும் என் பால்கனியில் இருக்கிறது.

அதை உங்களுக்காக எடுத்து வருகிறேன். பொங்கலுக்கு முந்தைய இரண்டு ஞாயிறும் காலை 10 மணிக்கு, நம் சங்க அறையில். கத்தரிக்கோல், ஸ்கேல், பழைய பத்திரிகைகள் கொண்டு வாருங்கள். பசை என் செலவு. வரும்போது ஒரு விலாசமும் எழுதி எடுத்து வாருங்கள். யாருடைய எண்ணை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறீர்களோ, அவருடைய விலாசம்.