கட்டுவதற்காக வரையாத கட்டடங்கள்

வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் கேட்டால் தமிழாசிரியர்களாகிய நாம் உடனே ஔவையாரிடம் போய்விடுவோம். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூடிப் பொலிகின்றன என்று அவர் வியந்தார். அவை போர்க்களம் கண்டதில்லை என்பதே உட்பொருள். இதே உத்தியைக் கையாண்ட கட்டடக்கலைஞர் சிலரைப் பற்றித்தான் இன்று பேச விழைகின்றேன், நேயர்களே.

1966 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே அடோல்போ நத்தாலினியும் கிறிஸ்டியானோ டொரால்டோ டி பிரான்சியாவும் ‘சுப்பர்ஸ்டூடியோ’ என்ற குழுவைத் தொடங்கினர். அவர்களுக்குப் புகழ் தந்தவை கட்டிய கட்டடங்கள் அல்ல, கீறிய படங்களே. 1969 இல் உருவான ‘தொடர் நினைவுச்சின்னம்’ அவற்றுள் தலையாயது. சதுரக்கோடுகள் இட்ட வெண்ணிறக் கட்டடம் ஒன்று பாலைவனத்தையும் நகரங்களையும் ஊடறுத்து உலகைச் சுற்றிச் செல்கிறது. நியூயோர்க்கின் வானளாவிகளிற் சில மட்டும், பூங்கொத்துப் போல, நடுவே விட்டுவைக்கப்பட்டுள்ளன. போருக்குப் பின்னர் எந்த நாடென்று பாராமல் ஒரே பெட்டியை எழுப்பி, அதற்கு முன்னேற்றம் என்று பெயரிட்ட அரசாங்கங்களையும் வணிகரையும் இவர்கள் கண்டிக்கவில்லை. ஆமோதித்தார்கள், அளவுக்கு மீறி ஆமோதித்தார்கள்.

எனக்கு அதனிலும் பிடித்தது 1972 இல் வந்த புளோரன்ஸ் படம். 1966 நவம்பர் 4 ஆம் திகதி ஆர்னோ ஆறு பெருகி, அந்நகரின் ஓவியங்களையும் ஏடுகளையும் சேற்றில் ஆழ்த்தியது. பழைமையைக் காக்க வேண்டுமென்ற குரல் எங்கும் ஓங்கிற்று. இவர்கள் சொன்ன யோசனை என்ன தெரியுமா? ஆற்றை அணைகட்டி மறித்து, நகரை நிரந்தரமாகவே நீருள் அமிழ்த்திவிடுங்கள். பேராலயத்தின் குவிமாடம் மட்டும் மேலே தெரியட்டும். சனங்கள் குடியிராத நகரம் பத்திரமாக இருக்குமல்லவா!

ஆனால் எள்ளலையும் சந்தை வாங்கிக்கொள்ளும். 1972 இல் நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகம் தன் இத்தாலியக் கண்காட்சியில் இவர்களுக்கும் இடமளித்தது. பொருட்களே இல்லாத வாழ்வை அங்கு கற்பனை செய்து காட்டியவர்களின் கட்டம் போட்ட மேசை, ஸனோட்டா நிறுவனத்தின் விற்பனைப் பொருளுமாயிற்று.

2022 இல் சவூதி அரேபியா ‘த லைன்’ என்னும் நகரின் வடிவத்தை வெளியிட்டது. 170 கிலோமீற்றர் நீளம், 500 மீற்றர் உயரம், பாலைவனத்தின் குறுக்கே கண்ணாடிச் சுவர். ‘தொடர் நினைவுச்சின்ன’த்தை அறிந்த பலர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். ஒன்று எச்சரிக்கை, மற்றது திட்டம். டொரால்டோ 2019 இலும் நத்தாலினி 2020 இலும் மறைந்துவிட்டார்கள். அந்தப் படத்தை அவர்கள் காணவில்லை.