வன்எஃகும் வெட்டுக் கருவியும்



நெல் அறுக்கக் கருக்கரிவாள். விறகு பிளக்கக் கோடரி. இவ்விரண்டையும் மாற்றி எடுத்துச் செல்வார் நம் தஞ்சைத் தரணியில் எவரும் இலர். பொருளின் இயல்பறிந்தே கருவியைத் தேர வேண்டும் என்னும் இவ்வுண்மை, கடினமாக்கப்பட்ட எஃகை வெட்டும் தொழிலில் எவ்வாறு விளங்குகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

இதற்கும் நெல்லுக்கும் என்ன தொடர்பு என வினவுவீர்கள். குறுவை அறுவடை முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நெருக்குவது உண்டு. இன்று பெரும்பாலான வயல்களில் அறுப்பது எந்திரம். அதன் தண்டு ஒன்று பழுதுற்று நின்றுவிட்டால், சாய்ந்த கதிர் நீரில் கிடந்து முளைத்துவிடும். உடனே கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உள்ள லேத் பட்டறையைத்தான் நாட வேண்டும்.

அங்கே கடினமான தண்டொன்றில், பற்சக்கரத்தைப் பிணைக்கும் சாவி அமர்வதற்கு ஒரு காடி வெட்ட வேண்டும் என்று கொள்வோம். இதற்கு உதவுவது மில்லிங் எந்திரம். பல பற்கள் கொண்ட வெட்டி சுழல, எஃகுத் துண்டு மெல்ல நகர்ந்து அதனிடம் செல்லும். எந்த வெட்டியைத் தேர்வது?

முதலில் ஒன்று கூறுவேன். எஃகு மென்மையாக இருக்கும்போதே வெட்டிவிட்டுப் பின்னர்க் கடினமாக்குவதே எளிய நெறி. ஆயின், முன்னரே கடினமான தண்டைக் காய்ச்சி மென்மையாக்கி, வெட்டி, மீண்டும் கடினமாக்கினால் அது கோணிவிடக்கூடும். ஆகவே சில வேளை கடின நிலையிலேயே வெட்ட நேர்கின்றது.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், அமெரிக்கரான டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய அதிவேக எஃகு உலகை வியக்க வைத்தது. அதன் முனை செஞ்சூடேறியும் வெட்டியது. எனினும் ராக்வெல் சி அளவையில் அதன் கடினம் ஏறத்தாழ 65. தண்டின் கடினமோ 55, 60 வரை இருக்கலாம். வெட்டுபவனும் வெட்டப்படுவதும் ஏறக்குறைய ஒத்த வலிமை உடையனவாயின் முனை விரைவில் மழுங்கும்.

1923-இல் ஜெர்மானியர் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் துகளைக் கோபால்ட்டால் பிணைத்தார். கிருப் ஆலை அதனை ‘விடியா’ என விற்றது. வைரம் போன்றது என்பது அப்பெயரின் கருத்து. இன்று கடிய எஃகுக்கு ஏற்றது, நுண்துகள் கார்பைடின்மேல் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய வெட்டியே. சூட்டில் அப்பூச்சின்மேல் அலுமினியம் ஆக்சைடு படிந்து முனையைக் காக்கின்றது.

அப்படியாயின் மிகக் கடினமான வைரத்தையே எடுக்கலாகாதோ? எடுக்கலாகாது. வைரம் கரி, பெருஞ்சூட்டில் கரி இரும்பில் கரைந்து முனை தேய்ந்துபோகும். 1957-இல் அமெரிக்காவில் வென்டார்ஃப் படைத்த கனசதுரப் போரான் நைட்ரைடுக்கு அக்குறை இல்லை. ஆனால் விலை மிகுதி. மெருகேற்றும் இறுதி வேலைக்கே பெரிதும் பயன்படுவது.

கடினம் மட்டும் போதாது என்பதற்கு ராஜராஜன் 1010-இல் நிறைவு செய்த பெரிய கோயிலின் கருங்கற்களே சான்று. கல்தச்சர் உளிமுனையைக் காய்ச்சிப் பதமிடுவர். பதம் மிகுந்தால் முனை உதிரும், குறைந்தால் மழுங்கும். கார்பைடும் அவ்வாறே உதிரும் இயல்பினது. மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் சுற்றுதோறும் எஃகினுள் மோதிப் புகுந்து வெளியேறுகின்றது. ஆதலின் நடுத்தண்டு தடித்த, குட்டையான வெட்டியைத் தேர்ந்து, பிடியிலிருந்து இயன்ற அளவு குறைவாக நீட்டிப் பொருத்த வேண்டும். ஆழத்தைச் சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டும். சூடேறிய முனைமீது குளிர்நீர் விட்டுவிட்டுப் பட்டால் வெடிப்பு உண்டாகும். காற்றை ஊதிச் சில்லுகளை அகற்றுவதே நன்று.

மாணவர்களே, இவ்வளவும் எவரும் மனப்பாடம் செய்வதற்கன்று. எஃகு எவ்வளவு கடினம், சூடு எவ்வளவு ஏறும், மோதல் உண்டா, செலவு தகுமா என்னும் நான்கு வினாக்களைக் கேட்கப் பழகுங்கள். பாடநூலில் கடினம், வெப்பம் என்று படிப்பதெல்லாம் பட்டறையில் ஒருவருடைய விளைச்சலைக் காக்கும் அறிவு என்பது அப்போது விளங்கும்.