கேட்கத் தெரிந்த நிரல்



கணிப்பொறியில் நிரல் எழுதக் கற்போர், ‘வணக்கம்’ என்னும் சொல்லைத் திரையில் தோன்றச் செய்வதையே முதற்பாடமாகக் கொள்வர். அச்சொல்லைத் திரைக்குக் கொண்டு சென்றது யார்? நாம் எழுதிய நிரலே என்பீர்கள். அஃது உண்மையன்று. நிரல் கேட்டது, செய்தது வேறொன்று. அவ்வாறு கேட்கும் முறையே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு கணிப்பொறியில் ஒரே வேளையில் பல நிரல்கள் ஓடுகின்றன. வட்டும் திரையும் நினைவகமும் அவை யாவற்றுக்கும் பொது. ஒவ்வொன்றும் தன் விருப்பம்போல் வட்டில் எழுதத் தொடங்கினால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும் அல்லவா? ஆகவே பொதுப்பொருளைக் காக்க ஒரு காவலர் வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் பயனுக்கு வந்த அட்லஸ் கணிப்பொறியிலேயே இத்தகைய மேற்பார்வை நிரல் ஒன்று இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தோன்றிய யூனிக்ஸிலும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸிலும் இப்பணியைச் செய்யும் பகுதிக்குக் கர்னல் என்று பெயர்.

காவலரின் அதிகாரம் வெறும் சொல்லளவில் நிற்பதன்று. மையச் செயலகத்திலேயே குறைந்தது இரண்டு நிலைகள் அமைந்துள்ளன. நாம் எழுதும் நிரல்கள் தாழ்ந்த நிலையில் ஓடுகின்றன. கர்னல் உயர்ந்த நிலையில் ஓடுகிறது. தாழ்ந்த நிலையில் உள்ள நிரல் தடைசெய்யப்பட்ட கட்டளை ஒன்றை இட முயன்றால், மையச் செயலகம் அதனைத் தடுத்துக் கர்னலிடம் ஒப்படைத்துவிடும்.

அங்ஙனமாயின் நிரல் எவ்வாறு கேட்கிறது? இன்டெல் வகையைச் சேர்ந்த 64 பிட் கணிப்பொறியில் ஓடும் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு. படித்தலுக்கு 0, எழுதுதலுக்கு 1, கோப்பைத் திறத்தலுக்கு 2, மூடுதலுக்கு 3. நிரல், தான் வேண்டும் பணியின் எண்ணை ஒரு பதிவகத்தில் வைக்கிறது. எந்தக் கோப்பில் எழுதுவது, எழுத வேண்டியது நினைவகத்தில் எங்கே உள்ளது, அதன் நீளம் என்ன என்பவற்றை வேறு பதிவகங்களில் வைக்கிறது. பின்னர் ‘சிஸ்கால்’ என்னும் கட்டளையை இடுகிறது. உடனே மையச் செயலகம் உயர்ந்த நிலைக்கு மாறி, கர்னல் முன்னரே குறித்து வைத்த வாசலுக்குச் செல்கிறது. நிரல் தன் விருப்பப்படி வேறு இடத்தில் நுழைய இயலாது.

வாசலில் ஆராய்ச்சி நடைபெறுகிறது. அந்த எண்ணுக்கு உரிய பணி உண்டா? அக்கோப்பு எழுதுவதற்காகத் திறக்கப்பட்டதா? காட்டிய நினைவக இடம் அந்நிரலுக்கு உரியதா? யாவும் சரியாயின் பணி நடைபெறும். விடை ஒரு பதிவகத்தில் வைக்கப்பட்டு, நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அவ்விடை ஓர் எண். எழுதக் கேட்டிருந்தால், எத்தனை பைட்டுகள் ஏற்கப்பட்டன என்பதை அது கூறும். எதிர்ம எண் வந்தால் மறுப்பு என்று பொருள். அம்மறுப்பும் காரணத்தோடு வரும்: 2 எனின் அப்படி ஒரு கோப்பு இல்லை, 13 எனின் அனுமதி இல்லை, 28 எனின் இடம் இல்லை.

மாணவர் ஒருவர் பள்ளி முழுவதற்குமான மதிப்பெண் பட்டியலைப் பென்டிரைவில் எழுதும் நிரல் ஒன்றை என்னிடம் காட்டினார். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒன்பதாம் வகுப்போடு பட்டியல் நின்றுவிட்டது. பென்டிரைவ் நிரம்பியிருந்தது. கர்னல் 28 என்று உரிய வேளையில் கூறியிருக்கிறது. நிரலோ அதனைப் பாராமலே ‘சேமிக்கப்பட்டது’ என்று அறிவித்துவிட்டது. பத்தாம் வகுப்பினரின் மதிப்பெண்கள் வேறெங்கும் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்?

இன்னொன்றும் அறிக. ஏற்றுக்கொண்டேன் என்று கர்னல் கூறுவது, வட்டில் எழுதி முடித்தேன் என்பதன்று. அது முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பின்னர் வட்டுக்கு அனுப்புவதும் உண்டு. இன்றியமையாத செய்தியாயின் ‘எஃப்சிங்க்’ என்னும் வேண்டுகோளை விடுத்து, அதன் விடையையும் பார்த்தல் வேண்டும்.

தமிழில் கேட்டல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வேண்டுதலும் கேட்டலே, செவிமடுத்தலும் கேட்டலே. அம்மாணவரின் நிரல் முதற்பொருளில் கேட்டது. இரண்டாம் பொருளில் கேட்கவில்லை. லினக்ஸ் கணிப்பொறி கிடைக்குமாயின், ‘எஸ்ட்ரேஸ்’ என்னும் கருவியின் துணையோடு உங்கள் நிரலை ஓட்டிப் பாருங்கள். அது விடுத்த ஒவ்வொரு வேண்டுகோளும், கர்னல் அளித்த ஒவ்வொரு விடையும் வரிவரியாகத் தோன்றும். அவ்விடைகளுள் உங்கள் நிரல் எத்தனையைச் செவிமடுத்தது என்று எண்ணிப் பாருங்கள்.