எந்தச் சரக்குக்கு இன்ஸ்டாகிராம்?



சிறுவாச்சூரில் ஒரு புகைப்பட நிலையம் வைத்திருக்கும் எனக்கு, மதுரகாளியம்மன் சந்நிதி திறந்திருக்கும் திங்களும் வெள்ளியும்தான் தொழில் மும்முரமாக நடக்கும் நாட்கள்; மற்ற நாட்களில் என் கடைப்படி ஏறுகிறவர்களில் பலர், "அண்ணே, நம்ம கடையையும் இன்ஸ்டாகிராம்ல போட்டா வியாபாரம் ஏறுமா?" என்று அபிப்பிராயம் கேட்கவே வருகிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. பதில் மட்டும் அவரவர் விற்கும் சரக்கைப் பொறுத்து மாறுகிறது.

2010ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் தோன்றி, ஆதியில் சதுரமான நிழற்படங்களை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்த அந்தச் செயலி, 2020 ஜூன் மாதக் கடைசியில் நம் நாட்டில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், மறு மாதமே 'ரீல்ஸ்' என்னும் குறும்படப் பகுதியை இங்கே திறந்துவிட்டது. அது முதற்கொண்டு அங்கே அசையும் படங்களின் செல்வாக்கு ஓங்கிவிட்டபடியால், கணக்குத் தொடங்க எண்ணுகிறவர் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம், தம்மிடம் வாங்குகிறவர் எந்தப் புலனை நம்பி வாங்குகிறார் என்பதுதான்.

நம் ஜில்லாவின் சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டறை போட்டு வைத்த வெங்காயத்தை வாங்க வருகிற வியாபாரி, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, தோல் சலசலக்கிறதா, காய் கெட்டியாக இருக்கிறதா, அடியிலிருந்து அழுகல் வாடை வருகிறதா என்று பார்த்த பிறகே விலையைப் பற்றிப் பேச்செடுக்கிறார். கையும் காதும் மூக்கும் தீர்மானிக்கிற அந்த வர்த்தகத்தில், பளபளவென்று எடுத்த ஒரு படம் என்ன சாட்சி சொல்லிவிட முடியும்? அன்றன்றைய மண்டி விலை வந்து விழும் வாட்ஸ்அப் குழுவே போதும் என்றுதான் விவசாய நண்பர்களுக்கு நான் சொல்வது. கோயில் வாசலில் தேங்காயும் பூவும் விற்கும் அம்மாளுக்கும் இந்தச் சிரமம் அநாவசியம். அவரிடம் வாங்க வேண்டியவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் எதிரிலேயே வந்து நிற்கிறார்கள்.

அரும்பாவூரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ, நேயர்களே, எனக்கு ஒதுக்கிய நிமிஷங்கள் போதா! பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் அவ்வூரின் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு முதலான மரங்களில், ஒரே கட்டையிலிருந்து செதுக்கி எடுக்கும் அந்த விக்கிரகங்களைப் படம் பிடிப்பது எனக்கு இன்றும் அலுக்காத காரியம். ஃபிளாஷ் போட்டால் உருவம் தட்டையாகிவிடும்; காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் பட்டறை வாசலில் வைத்துப் பார்த்தாலோ, பிள்ளையாரின் தொந்தியைச் சுற்றி மரத்தின் ரேகைகள் வளைந்தோடுவதும், ஆடை மடிப்பின் விளிம்பில் உளி விட்டுச் சென்ற நுண்ணிய தடமும் துலக்கமாகத் தெரியும். சாண் உயர விக்கிரகமும் ஆள் உயர விக்கிரகமும் கைப்பேசித் திரையில் ஒரே அளவாகத் தோன்றுமாதலால், ஸ்தபதியின் கையும் பக்கத்தில் இருக்கும்படி எடுப்பது என் வழக்கம்.

அப்படியும் நிழற்படம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கம்ப்யூட்டர் மிஷின் குடைந்த உருவத்தையும் மனிதக் கை செதுக்கியதையும் அருகருகே படமெடுத்துக் காட்டினால், பழக்கமில்லாதவர் பேதம் கண்டுபிடிப்பது கஷ்டம். கொட்டாப்புளி விழும் ஓசையோடு, உளிமுனையிலிருந்து மரச்சுருள் பிரிந்து விழுவதை அரை நிமிஷம் காட்டிவிட்டாலோ சந்தேகத்துக்கே இடமில்லை. புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் எழுத்தில் சொல்வதை அந்த அரை நிமிஷம் பிரத்தியட்சமாகக் காட்டிவிடும். ரீல்ஸ் என்ற ஏற்பாடே இந்தத் தொழிலுக்கென்று வந்ததோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

ஆனால் இதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பட்டறையில் நான் எடுத்துக்கொடுத்த ரீல் நன்றாகப் பரவிற்று. "விலை என்ன?", "நாளைக்கே கிடைக்குமா?" என்று செய்திகள் வந்து குவியவே, பதில் சொல்வதற்காக அந்த முதிய ஸ்தபதி அடிக்கடி உளியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. கேட்ட அத்தனை பேரிலும், எத்தனை அங்குலம், என்ன மரம், எந்தக் கரத்தில் எந்த ஆயுதம் என்றெல்லாம் நிதானமாக விசாரித்த அன்பர் ஒருவர்தான் முன்பணம் அனுப்பினார். ஆயிரம் பேர் பார்த்துக் கேட்டாலும், மரம் காய வேண்டும், கை ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே மாதத்தில் எத்தனை உருவம் முடித்துத் தர முடியும், செய்திகளுக்குப் பதில் எழுத வீட்டில் ஆள் உண்டா என்ற கணக்கைப் படம் போடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது உத்தமம். அந்த ஸ்தபதிக்கு இப்போது பேரன் பதில் எழுதுகிறான்.

விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் கட்டத்தை மட்டும் எடுப்பதற்கு அவர் சம்மதிக்கவே இல்லை. "அது கேமராவுக்கு இல்லே தம்பி" என்று சொல்லி, என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது, நாளின் எந்த வேளையில் படம் போடுவது என்பதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லலாமென்று எழுதி வந்திருந்தேன். வானொலி நிலையக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்; ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவிக்கையில் ஆரி வேலை செய்கிற சகோதரிகளும், பிறந்தநாள் கேக் செய்கிறவர்களும் தயங்காமல் தொடங்கலாம். உரக்கடைக்காரரும் மாவு மில்காரரும் கூகுள் மேப்பில் தம் இடத்தையும் கடை திறக்கும் நேரத்தையும் சரியாகப் பதிந்து வைத்தால் போதும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அரும்பாவூர்ப் பட்டறைக்காரர் எவரேனும், இந்த வாரமே ஒரு காலைப்பொழுதில் வீட்டுப் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துத் தம் உளியோட்டத்தைப் படமெடுக்கச் சொல்வார் என்று நம்புகிறேன். சினிமாப் பாட்டு எதையும் மேலே சேர்த்துவிட வேண்டாம் என்று பிள்ளையிடம் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.