குடியாத்தம் அளித்த தீர்ப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இடைத்தேர்தல் என்றதும், காலியான நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் ஆட்சித் தலைவர் ஒருவரே எளிய வாக்காளனின் வாயிலில் வந்து நிற்கும் வேளையும் அதுவே. அத்தகைய தேர்தல் ஒன்று நமக்கு மிக அண்மையில் நடந்தது. தங்கவயலிலிருந்து வி.கோட்டா வழியே சென்று, பேரணாம்பட்டு மலைச்சாலையில் இறங்கினால் குடியாத்தம். நம்முள் பலருடைய பாட்டனார்கள் அந்த வடார்க்காட்டு மண்ணிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களே.

1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர், நாடாளுமன்ற உறுப்பினர். அவையில் இல்லாதவர் அமைச்சரானால், ஆறு திங்களுக்குள் உறுப்பினராக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. மேலவையில் நியமனம் பெறும் வழியும் இருந்தது. 1952இல் இராசாசி அவ்வழியே வந்தார். காமராசரோ மக்களிடம் செல்லும் வழியைத் தேர்ந்தார். தம் சொந்த ஊராகிய விருதுநகருக்கு வெகு தொலைவிலுள்ள குடியாத்தத்தில், அவ்வாண்டே இடைத்தேர்தலில் நின்றார்.

அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. காங்கிரசைக் கடுமையாக எதிர்த்து வந்த பெரியார் அவரை ஆதரித்தார், அண்ணாவின் தி.மு.கழகமும் ஆதரித்தது. கம்யூனிஸ்டுக் கட்சி எதிர்த்து நின்றது. காமராசர் வென்றார்.

பகைவரும் துணை நின்றதன் காரணம் யாது? 1953இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைப் பயிலச் செய்வதாயிருந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பே இராசாசி விலகியதற்குப் பெருங்காரணம். காமராசர் ஆட்சி 1954 மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதன் பின்னரே குடியாத்தம் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே ஒரு மனிதர் மட்டும் வெல்லவில்லை. ஏழைப் பிள்ளையின் முழுநேரப் பள்ளியும் வென்றது.

கடல் கடந்து பிரித்தானியாவை நோக்குவோம். 1963 அக்டோபரில் பிரபுக்கள் சபையினரான ஹியூம் பிரபு தலைமை அமைச்சரானார். பரம்பரைப் பட்டத்தைத் துறந்து, ஸ்காட்லாந்தின் கின்ராஸ் தொகுதி இடைத்தேர்தலில் நின்று, நவம்பரில் வென்றார். இடையே ஏறத்தாழ இரண்டு வாரம் அவர் எந்தச் சபையிலும் உறுப்பினர் அல்லர்! 1965இல் வெளியுறவு அமைச்சர் கார்டன் வாக்கருக்காக, லண்டனின் லேட்டன் தொகுதி ஒழித்துத் தரப்பட்டது. தொழிற்கட்சியின் கோட்டை அது. ஆயினும் மக்கள் அவரை 205 வாக்குகளில் தோற்கடித்தனர். அமைச்சர் பதவி துறந்தார். கோட்டையின் சாவி கட்சியிடம் இல்லை, வாக்காளனிடமே உள்ளது என்பதை 205 பேர் உணர்த்திவிட்டனர்.

அன்பர்களே! இவை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தந்தை இறங்கிய சுரங்கத்தில் மகனும் இறங்குவான் என்று நம்பித்தான் நாம் இந்தக் காலனிகளில் வாழ்ந்தோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தந்தையின் தொழில் ஒரே நாளில் போயிற்று. பிள்ளை கற்ற எழுத்து மட்டும் போகவில்லை. மாரிக்குப்பத்தில் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று நம் பிள்ளைகள் பிழைக்கின்றனர் என்றால், அவர்களைத் தாங்குவது அந்த எழுத்தே. குடியாத்தத்தில் எது வென்றது என்பதை நம்மைவிட நன்கு உணரவல்லார் யார்?

நாம் வாழ்வது கன்னட நாட்டில். நம் வாக்கும் இங்கேதான். "வேலைக்குப் போகவேண்டும், ஓட்டு எதற்கு?" என்று தேர்தல் நாளில் நம் வீட்டு இளைஞர் கூறினால், லேட்டனின் 205ஐச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம், "எம் பிள்ளைகளின் கல்விக்கு என்ன செய்வீர்?" என்று முதலில் கேளுங்கள். விடை கேட்டபின் முடிவு செய்யுங்கள்.